மழைக்காலத்துக்கு முன்பே உங்கள் தளத்தில் பக்கக் கேச் அமைத்துவிடுங்கள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இணையதளம் நடத்துகிறவர்களுக்குச் சுமை கூடும் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட இரவில் ஊரே போனைக் கையில் வைத்துக்கொண்டு தேடும்: நாளைக்குப் பள்ளி உண்டா, எந்த ரோட்டில் தண்ணீர் ஏறியிருக்கிறது, கரண்ட் எப்போது வரும். மற்ற நாளெல்லாம் ஒழுங்காக ஓடிய உள்ளூர்ச் செய்தித் தளம், அன்றைக்கென்று பார்த்து ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டு நின்றுபோகும்.

இதற்காகப் பெரிய சர்வர் வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலான சிறிய தளங்களுக்குப் பக்கக் கேச், அதாவது ஒருமுறை உருவாக்கிய பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்து வருகிறவர்களுக்கும் கொடுக்கும் வசதி, ஒன்றே போதும். இந்தக் கட்டுரை வேர்ட்பிரஸ் தளம் வைத்திருப்பவர்களுக்காக எழுதியது. ட்ரூபல், ஜூம்லா என்ற வேறு தள மென்பொருள்களை வைத்திருப்பவர்களுக்கும் பிற்பகுதியில் கொஞ்சம் இருக்கிறது. கோடு எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பிளகினை (தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருளை) நிறுவுவதற்கு முன்னால் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் நேராகப் பிளகினுக்குப் போகிறவர்கள்தான் பின்னால் சிரமப்படுகிறார்கள் என்பதால், அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறந்ததும் சர்வர், வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி என்ற நிரல்மொழியை எழுப்புகிறது. அது வேர்ட்பிரஸையும், நீங்கள் போட்டிருக்கும் ஒவ்வொரு பிளகினையும், தீமையும் ஏற்றுகிறது. பிறகு டேட்டாபேஸிடம் பல கேள்விகள் கேட்டு, கிடைத்ததை எல்லாம் சேர்த்து எச்டிஎம்எல் பக்கமாக்கி அனுப்புகிறது. அடுத்த நொடி இன்னொருவர் அதே பக்கத்தைக் கேட்டால், முதலிலிருந்து எல்லாம் மறுபடியும் நடக்கும். இருவருக்கும் போய்ச் சேர்வது ஒரே பக்கம்தான்.

பக்கக் கேச் செய்வது இவ்வளவுதான்: முதல் ஆளுக்கு உருவாக்கிய எச்டிஎம்எல்லை ஒரு கோப்பாக எழுதி வைக்கிறது, அடுத்து வருகிறவர்களுக்கு அந்தக் கோப்பையே கொடுக்கிறது. டேட்டாபேஸைத் தொடுவதில்லை. சில அமைப்புகளில் பிஎச்பியே எழுவதில்லை.

மாதம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் இதன் மதிப்பு நன்றாகத் தெரியும். அங்கே ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி வேலைகள் ஓடலாம் என்று ஒவ்வொரு கணக்குக்கும் வரம்பு வைத்திருப்பார்கள். கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் சர்வர்களில் அந்த வரம்பைத் தாண்டினால் வருவதுதான் 508 என்ற பிழை. ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சீபேனல் இருந்தால் அதில் 'என்ட்ரி ப்ராசஸ்' என்ற அளவைப் பாருங்கள், உங்கள் வரம்பு அங்கே தெரியும். கேச் கோப்பைக் கொடுக்க ஆகும் நேரம் மிகக் குறைவு என்பதால், அதே வரம்புக்குள் பல மடங்கு ஆட்கள் வந்து போக முடியும்.

முதல் வேலை: எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் பழசாக இருக்கலாம்?

ஒரு தாளை எடுத்து உங்கள் தளத்தில் உள்ள பக்க வகைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இந்தப் பக்கம் பத்து நிமிடம் பழசாக இருந்தால் யாருக்காவது நஷ்டம் உண்டா? ஒரு மணி நேரம்? பத்து மணி நேரம்? என் அனுபவத்தில், கேச் அமைப்பது என்பதே இந்தப் பதில்களை எழுதுவதுதான். மற்றதெல்லாம் பொத்தானை அழுத்துகிற வேலை.

கடலூர்ச் செய்தித் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். போன வருடம் மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்த செய்தி எத்தனை மணி நேரம் பழைய கோப்பிலிருந்து வந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்ற செய்தி அப்படி இல்லை. மாவட்ட ஆட்சியர் ஞாயிறு இரவு அறிவிக்கிறார், நீங்கள் போடுகிறீர்கள். திங்கள் மதியம் ஒரு அம்மா வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் திறந்து 'நாளை' என்று படித்தால், செவ்வாய்க்கும் விடுமுறை என்று எடுத்துக்கொள்வார். கேச் இல்லாவிட்டாலும் இந்தக் குழப்பம் உண்டுதான், கேச் அதை இன்னும் நீட்டிவிடும். அதனால் எழுத்திலேயே சரிசெய்யுங்கள்: 'டிசம்பர் 2, திங்கள்கிழமை விடுமுறை' என்று தேதியும் கிழமையும் தலைப்பிலேயே இருக்கட்டும்.

இதே வகையில் இன்னொன்று. பல தீம்கள் செய்திக்குக் கீழே '5 நிமிடங்களுக்கு முன்' என்று காட்டும். அதை சர்வர் கணக்கிட்டு எழுதியிருந்தால், கேச் கோப்பில் அது அப்படியே உறைந்துபோகும். அரை மணி நேரம் கழித்து வருகிறவருக்கும் 5 நிமிடம்தான். வெள்ள எச்சரிக்கையில் இது ஆபத்தானது. தீம் அமைப்பில் இதை நேரடி நேரமாக மாற்றுங்கள்: 'இரவு 9.40க்குப் புதுப்பிக்கப்பட்டது' என்று வரவேண்டும்.

அடுத்து, பண்ருட்டியிலிருந்து முந்திரி விற்கும் ஆன்லைன் கடை. முந்திரியின் தரம், படம், பொட்டலத்தின் எடை எல்லாம் கேச்சில் இருக்கலாம். விலையை நீங்கள் மாற்றிச் சேமித்தால் அந்தப் பொருளின் பக்கத்தைப் பிளகின் தானாகப் புதுப்பித்துவிடும். ஆனால் மூன்று பக்கங்களைக் கேச் தொடவே கூடாது: கார்ட், பணம் செலுத்தும் பக்கம், 'என் கணக்கு'. அவை ஒவ்வொருவருக்கும் வேறு வேறு. வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் பிளகின் இந்தப் பக்கங்களைக் கேச் செய்ய வேண்டாம் என்று தானே குறி வைத்து அனுப்பும், நல்ல பிளகின்கள் அதை மதிக்கும். இருந்தாலும் விலக்குப் பட்டியலில் கையால் ஒருமுறை எழுதி வைப்பது நல்லது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் என்ற வீடியோ கேம் விற்பனைத் தளத்தில் கேச் அமைப்பு தவறிப்போய், ஒருவருடைய கணக்கு விவரங்கள் வேறொருவருக்குத் தெரிந்தன. ஏறக்குறைய 34,000 பேர் பாதிக்கப்பட்டதாக அந்த நிறுவனமே பிறகு அறிவித்தது. அன்று தளத்தின் மேல் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது, அதைச் சமாளிக்க அவசரமாகப் போட்ட கேச் விதிதான் காரணம். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இது நடந்தது. புயல் இரவில், தளம் விழுந்துகொண்டிருக்கும்போது, முதல்முறையாகக் கேச் அமைக்க உட்காராதீர்கள். செப்டம்பரில் செய்யுங்கள்.

மூன்றாவது, புதுச்சேரியில் கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு விருந்தினர் இல்லம். இங்கே இரண்டு விஷயங்கள். அறை காலியாக இருக்கிறதா என்று காட்டும் பகுதியைப் பாருங்கள். அது வெளி நிறுவனத்தின் முன்பதிவுக் கருவியாக, பார்ப்பவரின் பிரவுசரில் தனியாக ஏறுகிறது என்றால் கவலை இல்லை, பக்கக் கேச் அதைத் தொடாது. உங்கள் வேர்ட்பிரஸே அதை எழுதுகிறது என்றால் அந்தப் பக்கத்தை விலக்குங்கள். இல்லையென்றால், சனி ஞாயிறுக்கு அறை இருக்கிறது என்று பார்த்து வந்தவருக்கு, பணம் கட்டப் போகும்போதுதான் இல்லை என்று தெரியும்.

இன்னொன்று மொழி. புதுச்சேரித் தளங்களில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் இருப்பது சாதாரணம். மொழியைக் குக்கீயிலோ பிரவுசர் அமைப்பிலோ பார்த்து, ஒரே முகவரியில் மூன்று மொழியையும் காட்டும் தளத்தில் பக்கக் கேச் போட்டால், முதலில் வந்த பிரெஞ்சுக்காரருக்குப் போன பக்கம்தான் பின்னால் வரும் விழுப்புரத்துக்காரருக்கும் போகும். கேச் பக்கத்தை அடையாளம் காண்பது முகவரியை வைத்துத்தான். அதனால் ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி இருக்கும்படி மொழிப் பிளகினில் முதலில் மாற்றிவிட்டு, அப்புறம் கேச்சுக்கு வாருங்கள்.

பிளகினைத் தேர்ந்தெடுப்பது

முதலில் உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேளுங்கள். சிலர் சர்வரிலேயே பக்கக் கேச் வைத்திருப்பார்கள். அப்படியென்றால் அதையே பயன்படுத்துங்கள். சர்வரில் ஓடும் மென்பொருள் லைட்ஸ்பீட் என்றால் லைட்ஸ்பீட் கேச் பிளகின் பொருத்தம், அது அந்தச் சர்வரின் சொந்தக் கேச்சோடு பேசும். இரண்டும் இல்லாத சாதாரண ஹோஸ்டிங்குக்கு நான் சொல்வது டபிள்யூபி சூப்பர் கேச். வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனத்தினுடையது, இலவசம், அமைப்புகள் குறைவு. டபிள்யூ3 டோட்டல் கேச்சில் வசதிகள் அதிகம், ஆனால் புதிதாக வருகிறவருக்கு அந்த அமைப்புப் பக்கங்களே மலைப்பாக இருக்கும்.

எதுவாக இருந்தாலும் ஒன்றே ஒன்று. இரண்டு பக்கக் கேச் பிளகின்களை ஒன்றாக ஓட விடாதீர்கள். இரண்டுமே ஒரே இடத்தில் ஒரே பெயருள்ள கோப்பை வைக்கப் பார்க்கும், மோதிக்கொள்ளும்.

அமைப்பது

முழு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸ் நிர்வாகப் பகுதியில் டூல்ஸ், அதற்குள் சைட் ஹெல்த் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 2022-இல் வந்த 6.1 பதிப்பிலிருந்து, பக்கக் கேச் இருக்கிறதா, சர்வர் பதில் தர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை அதுவே சொல்கிறது. 600 மில்லி நொடிதான் அது வைத்திருக்கும் எல்லை. இப்போதைய எண்ணைக் குறித்து வையுங்கள், பின்னால் ஒப்பிட உதவும்.

பெர்மாலிங்க் (பக்க முகவரிகளின் வடிவம்) அமைப்பு 'பிளெய்ன்' என்று இருந்தால் மாற்றுங்கள். சூப்பர் கேச்சுக்கு ஒழுங்கான முகவரிகள் தேவை. பிறகு பிளகினை நிறுவி இயக்கி, அதன் முதல் தாவலில் கேச்சிங்கை 'ஆன்' செய்து சேமியுங்கள். அங்கேயே சோதனைப் பொத்தான் இருக்கிறது. அது ஒரே பக்கத்தை இரண்டு முறை எடுத்து, இரண்டும் ஒரே நேரத்தில் உருவானதா என்று ஒப்பிட்டுச் சொல்லும்.

அடுத்து 'அட்வான்ஸ்டு' தாவல். கோப்பைக் கொடுக்கும் முறை 'சிம்பிள்' என்றே இருக்கட்டும். 'எக்ஸ்பர்ட்' முறை இன்னும் வேகம், ஆனால் அது அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளின் விதிக் கோப்பில் கை வைக்கும். அந்தக் கோப்பைச் சரிசெய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் போங்கள். லாகின் செய்தவர்களுக்குக் கேச் வேண்டாம் என்ற தேர்வைப் போடுங்கள். புதிய கோப்பு உருவாகும் வரை பழைய கோப்பையே கொடுக்கும் 'கேச் ரீபில்ட்' தேர்வையும் போடுங்கள். கூட்டம் இருக்கும் நேரத்தில் ஒரு பக்கத்தின் கேச் காலாவதியானால், வருகிற அத்தனை பேரும் ஒரே நொடியில் அதை உருவாக்கச் சொல்லி சர்வரைத் தள்ளிவிடுவார்கள். இந்தத் தேர்வு அதைத் தடுக்கும்.

இப்போது பலர் கவனிக்காத ஒரு அமைப்பு. ஃபேஸ்புக்கில் பகிர்ந்த இணைப்பை ஒருவர் அழுத்தினால், முகவரியின் முடிவில் ஃபேஸ்புக் ஒரு நீளமான அடையாள வாலைச் சேர்த்து அனுப்பும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அந்த வால் வேறு. கேச் முகவரியைப் பார்த்துத்தான் அடையாளம் காண்கிறது என்று சொன்னேன் இல்லையா? அப்படியென்றால் ஃபேஸ்புக்கிலிருந்து வரும் ஒவ்வொருவரும் கேச்சுக்குப் புதிய பக்கத்தைக் கேட்பவர்கள். வெள்ளச் செய்திக்கு வரும் கூட்டத்தில் பெரும் பங்கு அங்கிருந்து வரும்போது, கேச் இருந்தும் பலன் இல்லாமல் போய்விடும். அட்வான்ஸ்டு தாவலில் 'டிராக்கிங் பாராமீட்டர்ஸ்' என்ற பகுதியைத் தேடி, அவற்றைப் புறக்கணிக்கும் தேர்வு இயங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கால அளவு: சூப்பர் கேச்சில் முதலில் இருப்பது 1,800 நொடி, அதாவது அரை மணி நேரம். செய்தித் தளத்துக்கு இதுவே சரி. கட்டுரையைத் திருத்திச் சேமித்தால் அந்தப் பக்கம் எப்படியும் உடனே புதுப்பிக்கப்படும் என்பதால், இதைவிடக் குறைக்கத் தேவை இல்லை. மாதம் ஒருமுறை மாறும் விருந்தினர் இல்லத் தளத்துக்குப் பத்து மணி நேரம், அதாவது 36,000 நொடி வைக்கலாம். அதற்கு மேல் போகாதீர்கள். படிவங்களின் பாதுகாப்புக்காக வேர்ட்பிரஸ் பக்கத்துக்குள் எழுதும் ரகசியக் குறி 12 முதல் 24 மணி நேரம்தான் செல்லும். அதைவிடப் பழைய பக்கத்திலிருந்து ஒருவர் படிவம் அனுப்பினால் போய்ச் சேராது. அவருக்கும் காரணம் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

சோதிப்பது

நீங்கள் லாகின் செய்த பிரவுசரில் பார்த்தால் கேச் இல்லாத பக்கம்தான் தெரியும். இன்காக்னிட்டோ சாளரத்தில் திறங்கள். பக்கத்தின் மூல எச்டிஎம்எல்லைப் ('வியூ பேஜ் சோர்ஸ்') பார்த்தால், கடைசி வரிகளில் அந்தப் பக்கம் உருவான நேரத்தைப் பிளகின் எழுதியிருக்கும். இன்னொரு முறை ஏற்றுங்கள், நேரம் மாறாமல் இருந்தால் கேச் வேலை செய்கிறது. பிறகு சோதனைக்காக ஒரு கட்டுரையில் ஒரு சொல்லை மாற்றிச் சேமித்துவிட்டு, இன்காக்னிட்டோவில் மாற்றம் தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் முகப்புப் பக்கத்தையும் பாருங்கள், அதில் உள்ள தலைப்பும் மாறியிருக்க வேண்டும்.

கடை இருந்தால் இரண்டு போன்களை எடுங்கள். ஒன்றில் அரைக் கிலோ முந்திரியைக் கார்ட்டில் போடுங்கள். இன்னொன்றில் கார்ட் காலியாக இருக்க வேண்டும். ஒன்றில் ஒரு வாடிக்கையாளர் கணக்கில் லாகின் செய்து, மற்றதில் அந்தப் பெயர் எங்காவது தலைகாட்டுகிறதா என்று தேடுங்கள். இந்தச் சோதனையை முடிக்காமல் கடைக்குக் கேச்சை விடாதீர்கள்.

பிறகு வரும் கேள்விகள்

மெனுவையோ தீமையோ மாற்றினால், மேலே ஓடும் எச்சரிக்கைப் பட்டையை மாற்றினால், எல்லாப் பக்கங்களிலும் உடனே தெரியாமல் போகலாம். வேர்ட்பிரஸ் நிர்வாகப் பகுதிக்குள் இருந்தபடி, மேல் பட்டையில் உள்ள 'டிலீட் கேச்' பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். புயல் இரவில் எச்சரிக்கை எண் மாறும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும் என்று தளத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் முழுக் கேச்சையும் அழிக்கும் பழக்கம் வேண்டாம். அழித்த அடுத்த நொடி மொத்தச் சுமையும் சர்வரின் தலையில் விழும்.

பார்வை எண்ணிக்கை திடீரென்று குறைந்ததுபோலத் தெரிந்தால் பயப்படாதீர்கள். பிஎச்பி வழியாக எண்ணும் கருவிகள், கேச் கோப்பு போகும்போது எண்ணாமல் விட்டுவிடும். பிரவுசரில் ஓடும் கருவிக்கு மாறுங்கள்.

காலை 6 மணிக்கு என்று நேரம் குறித்து வைத்த செய்தி தாமதமாக வெளியானால், அதற்கும் காரணம் உண்டு. வேர்ட்பிரஸின் நேர வேலைகள் யாராவது தளத்துக்கு வரும்போதுதான் ஓடும். வருகிறவர்களுக்கெல்லாம் கேச் கோப்பே போனால், அந்த வேலையைத் தூண்ட ஆள் இல்லை. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் ஹோஸ்டிங்கின் கிரான் வசதியில் வேர்ட்பிரஸின் கிரான் கோப்பை 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வையுங்கள்.

தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் நின்று கோப்புகளைக் கொடுக்கும் கிளவுட்ஃப்ளேர் சேவையை வைத்திருப்பவர்கள் அதுவே எல்லாவற்றையும் கேச் செய்கிறது என்று நினைப்பதுண்டு. சாதாரண அமைப்பில் அது படங்கள், ஸ்டைல் கோப்புகள், ஸ்கிரிப்டுகள் போன்றவற்றைத்தான் வைத்துக்கொள்ளும், எச்டிஎம்எல் பக்கங்களை இல்லை. எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்று விதி எழுதலாம். லாகின், கார்ட் உள்ள தளத்தில் தெரிந்தவர் துணை இல்லாமல் அதை எழுதாதீர்கள்.

ட்ரூபல், ஜூம்லா

ட்ரூபல் 8 முதல், லாகின் செய்யாதவர்களுக்கான பக்கக் கேச் சாதாரண நிறுவலிலேயே வந்துவிடுகிறது. ஒரு உள்ளடக்கம் மாறினால் அது இடம்பெறும் பக்கங்களை மட்டும் தேடிப் புதுப்பிக்கும் திறமை அதற்கு உண்டு, இந்த விஷயத்தில் வேர்ட்பிரஸைவிட மேல். கான்ஃபிகரேஷன் பகுதியில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில், பிரவுசர்களும் இடையில் உள்ள சர்வர்களும் பக்கத்தை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதை மட்டும் நீங்கள் குறித்தால் போதும். ஜூம்லாவில் பிளகின் பட்டியலில் 'சிஸ்டம் - பேஜ் கேச்' என்று ஒன்று அணைந்த நிலையில் இருக்கும், அதை இயக்குங்கள். கால அளவு குளோபல் கான்ஃபிகரேஷனில் இருக்கிறது, முதலில் 15 நிமிடம். மேலே சொன்ன தாளும் இரண்டு போன் சோதனையும் இவற்றுக்கும் பொருந்தும்.

பிளகினை நீக்க நேர்ந்தால், முதலில் அதன் அமைப்பில் கேச்சிங்கை 'ஆஃப்' செய்து, கேச்சை அழித்துவிட்டு, பிறகு நீக்குங்கள். கோப்புறையை நேராக அழித்தால், வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பில் கேச்சை இயக்கச் சொல்லும் வரியும், உள்ளடக்கக் கோப்புறையில் 'அட்வான்ஸ்டு-கேச்' என்ற கோப்பும் தங்கிவிடும். அடுத்து நிறுவும் பிளகின் அவற்றின் மேல் இடறும். அப்படி நடந்தால் அந்த வரியையும் கோப்பையும் நீக்கிவிட்டு, புதிய பிளகினில் கேச்சை மறுபடி இயக்குங்கள்.